கோதுமை சேராத பன்

எண்பத்து நாலாம் வருஷம் பங்குனி மாதம், திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் என் வீட்டுக்காரரை ஒரு குழாயை விழுங்கச் சொல்லி, குடலில் இருந்து துணுக்கு ஒன்றை எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். பத்து நாள் கழித்து வரச்சொல்லி டாக்டர் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான். இனி ஆயுசுக்கும் இவருக்குக் கோதுமை ஆகாது. கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது. போனால் குடல் புண்ணாகும், தின்றதெல்லாம் தண்ணீராகப் போகும், ஆள் உருகிவிடுவார். ஆறு மாதத்தில் உடம்பு தேறவில்லை என்றால் உயிருக்கு நான் பொறுப்புச் சொல்ல முடியாது என்றார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிற்றாற்றுத் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்த மனுஷனுக்குக் கோதுமை ஆகாது என்பதெல்லாம் ஒரு வியாதியா? மொட்டைத் தலையனைக் கூப்பிட்டு, இனி சீப்பைத் தொடாதே என்று சொன்ன மாதிரி இருந்தது. இட்லி இருக்கிறது, தோசை இருக்கிறது, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை எல்லாம் இருக்கிறது. போதாததற்கு நான் மனையியல் டீச்சர். தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக, எந்த உணவில் என்ன சத்து என்று கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறவள். இந்தக் காரியம் எனக்கு இடது கையால் செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டுதான் ரயிலில் ஏறினேன்.

செங்கோட்டையில் வண்டி நின்றது. அதுவரை வாயைத் திறக்காமல் வந்தவர், பிளாட்பாரத்தில் பன் விற்கிறவனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ இனி பன்னு?"

நாறும்பூநாதன் என்கிற என் அத்தான் இப்படித்தான். உயிர் போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இவருக்குப் பன் போய்விட்டதே என்று கவலை. சார்பதிவாளர் ஆபீசில் கிளார்க். காலை பதினொரு மணிக்கு ஒரு பன், ஒரு டீ. சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பன், ஒரு டீ. இருபது வருஷமாக இந்த இரண்டு பன்னுக்கு நடுவில்தான் ஆபீஸ் வேலை பார்த்தார். பன்னைப் பிட்டு டீயில் முக்கி, அது உடைந்து உள்ளே விழுவதற்கு முன்னால் வாயில் வாங்குவதை ஒரு வித்தை மாதிரிச் செய்வார். நாற்பத்தாறு வயது மனுஷன்.

"அரிசியில இல்லாத ருசியா அந்தப் பன்னுல இருக்கு?" என்று கேட்டேன்.

"அது ருசிக்காவ இல்ல," என்றார். அதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் கேட்கப் பொறுமை இல்லை.

வீடு வந்து சேர்ந்த மறுநாளே சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் ஊரில் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் போதும், ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடு வந்து நிற்பார்கள். காய்ச்சலா, ரொட்டி. பிரசவமா, ரொட்டி. காலை ஒடித்துக்கொண்டு கிடந்தால் அதற்கும் ரொட்டிதான். நல்ல உடம்போடு இருக்கிறவன் ரொட்டி தின்றால், உனக்கு என்ன செய்யுது என்று கேட்கிற ஊர் இது. ஒரே வாரத்தில் எங்கள் வீட்டு மேஜைமேல் ஏழு ரொட்டியும், நாலு பாக்கெட் ரஸ்கும், மூன்று பாட்டில் மால்ட் மாவும் சேர்ந்துவிட்டன. அந்த மால்ட் மாவும் பார்லியில் இருந்து வருவதுதான். விஷம் வைக்க நினைத்தவன்கூட இவ்வளவு ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்திருக்க மாட்டான்.

அவருடைய அக்கா சண்முகசுந்தரி மதினி சுந்தரபாண்டியபுரத்தில் இருந்து ஒரு பெரிய ரொட்டியோடு வந்தாள். டாக்டர் சொன்னதை நான் வரி விடாமல் எடுத்துச் சொன்னேன். பக்குவமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். மதினி முகத்தைச் சுளித்தாள்.

"நோயாளிக்கு ரொட்டி ஆகாதுன்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டான். ஆஸ்பத்திரியிலயே ரொட்டியும் பாலுந்தான குடுக்கான்? நீ சோத்தப் போட்டுப் போட்டுத்தான் எந் தம்பிக்கு வயிறு கெட்டுப் போச்சு."

படித்தவர்களும் இவளுக்குச் சளைத்தவர்கள் இல்லை. அவர் ஆபீஸ் ஹெட் கிளார்க் பேச்சிமுத்து, "கோதுமதான சார் ஆகாது? இது மைதா," என்று சொல்லி இரண்டு ரஸ்க் பாக்கெட்டை நீட்டினார். பத்திரத்தில் நாலெல்லை பிசகாமல் பார்க்கிற மனுஷன். மைதா எதில் இருந்து வருகிறது என்று கேட்டால் கடையில் இருந்து என்பார்.

ரொட்டியையும் ரஸ்கையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். வீட்டில் மைதாவும் ரவையும் இருந்த டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்தேன். வைகாசிக் கடைசியில் தென்காசி ஸ்டேஷனில் எடை மிஷினில் ஏற்றியபோது நாற்பத்தாறு கிலோ நாற்பத்தொன்பது ஆகியிருந்தது. 'உமது முயற்சி திருவினையாகும்' என்று மிஷின் துப்பிய எடை அட்டையின் பின்பக்கம் அச்சடித்திருந்தது. முயற்சி என்னுடையது, அட்டை அவர் கையில். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

அவர் பன்னை விடவில்லை. தின்னவில்லையே தவிர, தேடிக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் தென்காசியில் உள்ள பேக்கரி ஒவ்வொன்றாகப் போய், கோதுமை சேராத பன் இருக்குமா என்று விசாரிப்பார். என்ன பதில் வந்தது என்று என்னிடம் வந்து வேறு சொல்லுவார். ஒருத்தன், "கோதுமையா, சேச்சே, நம்ம பன்னு சுத்தமான மைதா" என்றானாம். இன்னொருத்தன் பால் பன்னை எடுத்துக் காட்டி, இதில் பாலைத் தவிர ஒன்றும் கிடையாது என்று சத்தியம் பண்ணினானாம். செங்கோட்டையில் ஒரு கடைக்காரர் யோசித்து யோசித்து, வேண்டுமானால் ரவையில் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இவர்கள்தான் இரண்டு தலைமுறையாக மாவு பிசைகிறவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் புளியறை வரைக்கும் போய், லாரிக்காரர்கள் சாப்பிடுகிற கடைகளில் எல்லாம் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

"வீட்டுல ஆவி பறக்க இட்லி இருக்கு. பன்னுக்காவக் கேரளா பார்டர் வரைக்கும் போன ஒரே ஆம்பள நீங்கதான்," என்றேன்.

"இட்லி வீட்டுலதானட்டி திங்க முடியும்," என்றார்.

ஆனி பிறந்து சாரல் தொடங்கியது. குற்றாலத்தில் சீசன் கடைகள் முளைத்தன. பேரருவிக்குப் போகிற வழியில், புனலூரில் இருந்து வந்த துல்கர்னைன் என்பவர் ஒரு பேக்கரி போட்டிருந்தார். ஒருநாள் என் அத்தான் அங்கிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தோடு, முகமெல்லாம் பல்லாக வந்தார். உள்ளே நாலு பன். பன் மாதிரி உருண்டையாக, மேலே லேசாகச் சிவந்து, பிட்டால் உள்ளே வெள்ளையாக ஓட்டை ஓட்டையாக இருந்தது.

"முழுக்க அரிசி. கேரளாவுல வட்டயப்பம்னு ஒண்ணு அவிப்பாங்கள்லா, அந்த மாவைப் பன்னுத் தகரத்துல ஊத்தி அடுப்புல வச்சுத் தரச்சொன்னேன். செஞ்சு குடுத்துட்டாரு," என்றார்.

கேட்கிறவன் கேணையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்கள். மைதா இல்லாமல் பன் உப்பி வருமா? பிசைந்தால் இழுபடுகிற அந்தப் பசை அரிசியில் கிடையாது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் மனுஷன் ஆறு வயதுப் பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு நிற்கும்போது என்ன சொல்வது? ஒன்றைத் தின்று பார்த்தேன். லேசான இனிப்பும் தேங்காய் வாசமுமாக நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

மறுநாளில் இருந்து பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் பேச்சிமுத்து வகையறாவோடு ஆபீசுக்கு எதிரில் உள்ள டீக்கடைக்குப் போய், தன் பையில் இருந்து தன் பன்னை எடுத்து டீயில் முக்கத் தொடங்கினார். முதல் இரண்டு நாள் வயிறு கொஞ்சம் உப்புசமாக இருக்கிறது என்றார். புதுப் பண்டம், வாயுவாக இருக்கும் என்று, வயிற்றுக்கு எங்கள் வீட்டில் எப்போதும் கொடுக்கிற கைமருந்தைக் கொடுத்தேன். பெருங்காயத்தை நன்றாகக் கரைத்து, மோரில் கலந்து, உப்புப் போட்டு ஒரு டம்ளர். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.

பதினைந்து நாளில் பழையபடி வயிற்றுப்போக்கு ஆரம்பித்துவிட்டது. ஆபீசில் இருந்து பாதியில் வந்து படுத்துக்கொள்வார். கன்னம் ஒட்டிவிட்டது. நான் மோரை மூன்று வேளை ஆக்கினேன், பெருங்காயத்தையும் கூட்டினேன். ஆடி முதல் வாரம் எடை மிஷின் நாற்பத்தைந்து என்றது. 'பிரிந்தவர் கூடுவர்' என்றது அட்டை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை அங்கேயே கிழித்துப் போட்டேன்.

பன்னைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்? புனலூர்க்காரர் என் புருஷன் தலையில் மைதாவைக் கட்டிவிட்டார். இந்த ஆளும் கேட்ட வரத்தைச் சாமி கொடுத்தது என்று தின்றுகொண்டிருக்கிறார். சனிக்கிழமை மத்தியானம் டவுன் பஸ் ஏறிக் குற்றாலம் போனேன். ஈரத்தலையோடு கடை முன்னால் நாற்பது பேர் நின்றார்கள். கண்ணாடிப் பெட்டிமேல் வீட்டில் இருந்து கொண்டுபோன பன்னை வைத்து, எல்லார் முன்னாலும் பிட்டுக் காட்டினேன்.

"இதுல மைதா இல்லன்னு சொல்லித்தான ஒரு நோயாளிக்கு விக்குதிய? அந்த மனுசன் சாவக் கெடக்காரு. ஒரு பன்னு விக்குததுக்காவ ஒரு குடும்பத்தக் கெடுப்பியளா?"

துல்கர்னைன் ஐம்பது வயதுக்காரர், நெற்றியில் தொழுத தழும்பு. அவர் சத்தம் போடவில்லை. "நாறும்பூ சாருக்க வீட்டுக்காரியா? உள்ள வந்து பாருங்கோ," என்றார்.

கடைக்குப் பின்னால் தனியாக ஓலைச் சார்ப்பு ஒன்று இருந்தது. மைதா மூட்டையும் பெரிய அடுப்பும் எதிர்ப்பக்கம். சார்ப்பில் ஒரு ஆட்டுரல், ஊறுகிற அரிசி, துருவிய தேங்காய், ஒரு சின்ன மண் அடுப்பு, ஆறு தகரக் கிண்ணம். அவ்வளவுதான்.

"இந்தத் தகரம் சாரு வாங்கித் தந்ததாக்கும். மைதா தொட்ட பாத்திரம் கூடாதுன்னு சொல்லி. அரிசியும் சாருதான் கொண்டு வரும். அரைக்கிறப்ப இங்ஙன குத்தவச்சு இருக்கும். என் பையன் மைதாக் கையோட இந்தப் பக்கம் வந்தா சத்தம் போடும்," என்றார். "எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனா சாரு ஒருபோதும் ஏமாறாது அம்மா. நான் ஏமாத்தவும் மாட்டேன்."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அரிசியில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, கிண்ணத்தை மோந்து பார்த்துவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் வரும்போதே அடுத்த சந்தேகம் தயாராகிவிட்டது. கடைக்காரர் யோக்கியன் என்றால் திருடன் வீட்டில்தான் இருக்கிறான். அரிசிப் பன்னை எனக்குக் காட்டிவிட்டு, ஆபீசுக்கு எதிரில் மைதாப் பன்னைத் தின்கிறார்.

அன்றைக்கு நான் பேசிய பேச்சு இப்போது நினைத்தாலும் நாக்கு கசக்கிறது. சட்டைப் பையை உதறிப் பார்த்தேன். டிபன் பெட்டியில் துணுக்குத் தேடினேன்.

"எம் மேல ஆணையாச் சொல்லுங்க. பன்னு தின்னியளா, இல்லையா?"

"நான் ஒண்ணும் திங்கலட்டி."

"திங்காமத்தான் இப்பிடிப் போவுதா? ஒரு பன்னுக்கு நாக்கத் தொங்கப் போட்டு அலையுத ஆம்பளைக்கு வாக்கப்பட்டேன் பாருங்க, என்னச் செருப்பால அடிக்கணும்."

சாமி படத்துக்கு முன்னால் கற்பூரத்தை ஏற்றினேன். அவர் அந்தக் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. இனி அரிசிப் பன்னும் கிடையாது, கடைப்பண்டம் என்று எதுவும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்றேன். சரி என்றார். பேச்சிமுத்துவைக் கூப்பிட்டு, இவரைக் கடைப்பக்கம் விடாதீர்கள் என்று அவர் எதிரிலேயே சொன்னேன். அதற்கும் தலையை ஆட்டினார். நான் கொடுத்த சோற்றையும் குழம்பையும் தின்றார், மோரைக் குடித்தார், படுத்துக்கொண்டார்.

ஆவணி பாதியில் அவரை ஸ்டேஷன் வரை நடத்திக் கூட்டிப்போக முடியவில்லை. ரிக்‌ஷாவில் கூட்டிப்போனேன். நாற்பத்திரண்டு.

மறுநாள் பெருங்காயம் தீர்ந்துவிட்டது. சாதாரணமாக மூன்று மாதம் வருகிற டப்பா பத்து நாளில் காலி. ஸ்கூல் விட்டு வரும்போது ஹபீபுல்லா அண்ணாச்சி கடையில் ஏறினேன். பலசரக்கும் நாட்டுமருந்தும் விற்கிறவர். வழக்கமான கட்டிக் காயத்தை எடுத்து வைத்தார்.

"என்ன டீச்சர், இப்பத்தான வாங்கினிய?"

"வீட்டுல அவியளுக்கு வயிறு சரியில்ல அண்ணாச்சி. மூணு வேளையும் மோருல கரைச்சுக் குடுக்கேன். எவ்வளவு போட்டும் கேக்க மாட்டேங்கு."

"மருந்துக்கா இதக் குடுக்கிய?" அவர் அந்தக் கட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "இது சாம்பாருக்குல்லா. சுத்தமான பால் காயம்னா வேற. அது எரியும், தனியாத் திங்க முடியாது. அதுல கொஞ்சத்தப் போட்டு, மிச்சத்துக்கு மைதாவப் பிசைஞ்சுதான இப்பிடிக் கட்டி பிடிக்கான். முக்காவாசி மாவுதான். வயித்துக்குன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா."

கையில் எடுத்த காசைத் திரும்பப் பைக்குள் போட்டேன். மாவு. வீட்டில் டப்பா டப்பாவாகக் கழுவிக் கவிழ்த்தவள், கையில் வைத்து உருட்டி, கரண்டியில் நசுக்கி, கட்டி தட்டாமல் கரைத்து, மூன்று வேளை நின்று குடிக்க வைத்த மாவு. அவர் இளைக்க இளைக்க நான் கூட்டிக்கொண்டே போனேன். மைதா கடையில் இருந்து வருகிறது என்று நினைத்த பேச்சிமுத்துவை என்ன சிரிப்புச் சிரித்தேன். பதினெட்டு வருஷ மனையியலுக்குத் தன் அடுக்களையில் உள்ள டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. சண்முகசுந்தரி மதினியாவது ஒரே ஒரு ரொட்டிதான் கொண்டுவந்தாள்.

நேரே வீட்டுக்குப் போகத் தைரியம் வரவில்லை. குற்றாலம் பஸ்ஸில் ஏறினேன். சீசன் முடிகிற நேரம், பாதிக் கடைகள் தட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தன. துல்கர்னைன் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சாருக்கு சுகமா? கொறே நாளா வரக் காணோம்."

"தப்பு எம்மேலதான் பாய். நீங்க மன்னிக்கணும்," என்றேன். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. நாற்பது பேர் முன்னால் ஏசியவள், கேட்க ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் கட்டிய சாக்கை அவிழ்த்து அந்தத் தகரக் கிண்ணங்களை எடுத்தார். வீட்டுக்கென்று அரைத்து வைத்திருந்த வட்டயப்ப மாவு இருந்தது. ஒருமணி நேரம் உட்கார்த்திவைத்து ஆறு பன் சுட்டுக் கொடுத்தார்.

வீட்டில் அவர் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் பொட்டலத்தைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தேன். வாசனை பட்டு இந்தப் பக்கம் திரும்பினார், பன்னைப் பார்த்தார், உடனே என் முகத்தைப் பார்த்தார். எடுக்கலாமா என்று கேட்கிற பார்வை. பட்டுப்போன மாதிரி இருந்த கையை நானே எடுத்துப் பன்மேல் வைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஹபீபுல்லா அண்ணாச்சி சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொன்னேன். "நீங்க ஒண்ணும் திங்கல அத்தான். நாந்தான் குடுத்தேன். உங்களத் திருடன்னு சொல்லிக்கிட்டே தினமும் மூணு வேளை நாந்தான் குடுத்தேன்," என்றேன். ஏச மாட்டாரா, கையை ஓங்க மாட்டாரா என்று இருந்தது.

டீ கேட்டார். போட்டுக்கொண்டு வந்து கொடுத்தேன். பன்னைப் பிட்டு முக்கி, உடைவதற்கு முன்னால் வாயில் வாங்கினார். மெதுவாகத் தின்று முடித்தார்.

"அந்த மோரு எனக்குப் பிடிக்கவே செய்யாதுட்டி," என்றார். "அந்த நாத்தம் குடலப் புரட்டும். மூச்சப் பிடிச்சிக்கிட்டுத்தான் குடிப்பேன்."

"பின்ன ஏன் குடிச்சிய? வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"நாள் பூரா ஏசிக்கிட்டே இருப்ப," என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை, கேட்டதற்குப் பதில் சொல்கிற குரல்தான். "அந்த டம்ளர நீட்டும்போது மட்டுந்தான் ஏசாம நிப்ப. அதுக்காவத்தான் குடிச்சேன்."